செய்யாத வேலையின் தண்ணீர்

மூன்று வருஷமாக மழை எட்டிப் பார்க்காத குறுங்கரைப்பட்டியில், ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே போர்வெல்லின் மோட்டார் மாசித் தொடக்கத்தில் கருகிப்போனது. பஞ்சாயத்து ஆட்கள் அதை உருவியெடுத்து, மேலத் தெருவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தவசிலிங்கத்தின் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து கிடத்திவிட்டு, சீக்கிரம் முடிங்க அண்ணாச்சி என்று சொல்லிப் போனார்கள். இந்த வாரத்துக்குள் முடித்துவிடுவதாக அவரும் சொன்னார். அந்த வாரம் போய், அடுத்த வாரமும் போன பிறகு, ஒரு காலையில் மோட்டாரின் அடியில் சிமெண்டுத் தரை வியர்த்து, வியர்வை திரண்டு, திரண்டது ஓடி, வாசல்படி வரைக்கும் வந்து நின்றது.

தவசிலிங்கத்தின் மனைவி சண்முகக்கனி பழைய துணியால் அதை ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தாள். பிழியப் பிழியத் தரை மறுபடி நனைந்தது. மத்தியானத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரிக்காத, கண்மாய் நிறைந்திருந்த காலத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்மேல் எட்டி, "மதினி, குடம் இருந்தா கொண்டாங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்தாள், அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி வந்தாள், அவளைப் பார்த்துத் தெருவே வந்தது. குறுங்கரைப்பட்டியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை; எவ்வளவு வரும், எதுவரைக்கும் வரும் என்றுதான் கேட்பார்கள்.

தவசிலிங்கத்தைச் சோம்பேறி என்று ஒருவரும் சொன்னதில்லை. விடிந்ததும் முன்னறையின் கதவைத் திறந்துவிடுவார். பகலில் அவர் படுத்து யாரும் பார்த்ததில்லை. கை எப்போதும் எதையாவது தொட்டுக்கொண்டேயிருக்கும். திருப்புளிகளைத் துடைத்து அளவு வாரியாக அடுக்குவார், அடுக்கியது சரியில்லையென்று வேறு மாதிரி அடுக்குவார், கம்பிச் சுருள்களைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவார். யாராவது மிக்ஸியோ மின்விசிறியோ கொண்டுவந்தால் பெரிய வேலையை நகர்த்திவைத்துவிட்டு அதை உடனே கையில் எடுப்பார். எடுத்தது பாதியில் இருக்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும் என்று தோன்றும், டீக்கடையில் பேப்பரின் ஒரு தாள்தான் கிடைத்திருக்கும், மற்றத் தாள் வருகிறவரை உட்கார்ந்திருப்பார், திரும்பி வந்தால் செல்போன் மினுக்கும், ஒரு நிமிஷம் என்று எடுத்தால் யாரோ எந்த ஊரிலோ மலைப்பாம்பு பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொழுது சாய்ந்து நிமிரும்போது உடம்பு முழுக்க அசதி இருக்கும். வேலை இருந்த இடத்திலேயே இருக்கும். அசதியைப் பார்த்து, வேலை செய்துவிட்டதாக அவரே நம்பிவிடுவார்.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பது பங்குனி பிறந்த பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலை அவருக்கு வைராக்கியம் வந்து, மோட்டாரின் நீளக் குழலை மடியில் இழுத்துப் போட்டு, கருகிய கம்பிகளை ஒரு முனையில் வெட்டி உருவ ஆரம்பித்தார். முற்றத்தில் வரிசையில் நின்ற பெண்கள், "ஏ கனி, தண்ணி கீழ போகுது" என்றார்கள். கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் விரல்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று பார்க்கத் தவசிலிங்கம் வெட்டுக்குறடைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வந்து, பெண்களிடம் விவரம் கேட்டு, அதற்குத் தன் அபிப்பிராயத்தையும் சொல்லிக்கொண்டு நின்றபோது தண்ணீர் மறுபடி கணுக்காலுக்கு ஏறியது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

அன்று சாயங்காலமே அரியநாயகம் வந்தார். பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், தெருவில் கல்யாணமோ சண்டையோ அவர் இல்லாமல் நடக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி முன்னறையைச் சுற்றிவந்தார்.

"தவசி, நீ அவசரப்படாத. பஞ்சாயத்துல நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

"இல்லண்ணாச்சி, அடுத்த வாரம் உக்காந்துரலாம்னு இருக்கேன்."

"அடுத்த வாரத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அரியநாயகம் சொன்னதும் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. அவர் அதைத் திருப்தியோடு குனிந்து பார்த்தார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொத்தனார் வந்து சுவரில் துளை போட்டார், முற்றத்தில் தொட்டி கட்டினார்கள், தொட்டியிலிருந்து ரப்பர் குழாய்கள் வீடு வீடாகப் போயின. தவசிலிங்கம் தப்பித்தவறி வேலை செய்துவிடாமல் இருக்க வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பது என்று முடிவானது. அதற்குப் பேச்சு முறை என்று பெயர். இன்னைக்கு உங்க வீட்டு முறையா எங்க வீட்டு முறையா என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பேச வராதவர்கள் பேப்பர் கொண்டுவந்தார்கள், பேப்பர் வாங்காதவர்கள் கேரம் போர்டு கொண்டுவந்தார்கள், டீக்கடைக்காரர் தூக்குவாளியில் டீயை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். தெருக்காரர்கள் ருசி கண்டு வகையும் பிரித்துவிட்டார்கள். செல்போன் பார்த்தபோது ஊறிய தண்ணீர் லேசாகச் சப்பென்றிருக்கும், அது பாத்திரம் கழுவ. டீக்கடைப் பேச்சில் ஊறியது துணிக்கு நன்றாக நுரைக்கும். திருப்புளி துடைக்கும்போது ஊறுகிற தண்ணீர்தான் இருப்பதிலேயே தித்திப்பு. அதைக் குடிப்பதற்கென்று தனிக்குடத்தில் பிடித்துவைத்தார்கள். வேலை மாதிரியே இருக்கும் வேலையிலிருந்து வந்ததால் அப்படி என்று யாருக்கும் தோன்றவில்லை.

தவசிலிங்கத்துக்கு இது ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் ஒரு பயம் அவருக்கு இருந்தது, அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டு கோடைக்கு முன் இதே மோட்டாருக்கு அவர்தான் காயில் கட்டினார். எங்கேயோ கம்பியின் தோல் ஒரு மயிரிழை உரசியிருந்தது. மாதம் முடியும் முன்னே மோட்டார் கருகி, குழாய் குழாயாக மேலே இழுக்க, ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. அந்தத் தடவை வெளியூரில் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். "தவசி கட்டுன மோட்டாரு புது மாப்பிள்ளை மாதிரி, ஒரு மாசம்தான் சுறுசுறுப்பு" என்று அரியநாயகம் டீக்கடையில் சொல்ல, பெஞ்சில் இருந்தவர்களோடு தவசிலிங்கமும் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு ஊர் மோட்டாரைக் கண்டாலே கை வேறு பக்கம் போனது. இப்போது அதே அரியநாயகம், செய்யாதே என்று கெஞ்சுகிறார். தொடாத வேலையில் பிழை வராதல்லவா.

சண்முகக்கனிக்கும் அது நல்ல காலமாக இருந்தது. குழாயடியில் எப்போதும் கடைசியில் நின்று பழகியவள் அவள். இப்போது தெருப் பெண்கள் அவளுக்குப் பூ கொண்டுவந்தார்கள், நல்ல காரியங்களில் முதல் தாம்பூலம் அவளுக்குப் போனது. முன்பெல்லாம், "பொழுதன்னைக்கும் துடைச்சிக்கிட்டே இருந்தா எப்பங்க முடியும்?" என்று கேட்பவள் இப்போது கேட்காமலேயே டீ போட்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் எப்போதாவது மோட்டார் பக்கம் பார்த்தால், "மேலுக்கு முடியாத மாதிரி தெரியுதே, செத்த படுங்க" என்றாள். வீட்டுக்குள் கால் எப்போதும் ஈரமாகவே இருந்ததால் இரண்டு பேருக்கும் பாதம் வெளுத்துச் சுருங்கியது. அதையும் பழகிக்கொண்டார்கள்.

ரப்பர் குழாய்கள் மேலத் தெருவோடும் அதையொட்டிய இரண்டு தெருக்களோடும் நின்றுவிட்டன. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி இருந்தது. போர்வெல் ஓடிய நாட்களில் காலனிக்கு இரண்டு குழாய். மோட்டார் போன பிறகு அங்கேயிருந்தவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, கைவிட்ட கல்குவாரிக்கு நடந்து, பள்ளத்தில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரை மொண்டுவந்தார்கள். வந்து குளித்து, தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கும் வேலைக்குப் போனார்கள்.

சித்திரையில் ஒருநாள் காலனியின் வார்டு மெம்பர் பஞ்சவர்ணம் தவசிலிங்கத்தைப் பார்க்க வந்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுவாள், பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். கூடவே அவள் தங்கச்சி வேலுத்தாய் இடுப்பில் வெறுங்குடத்தோடு வந்திருந்தாள்.

"மோட்டாரு எப்பண்ணாச்சி முடியும்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"முடிஞ்ச மாதிரிதாம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கைக்கு வந்துரும்."

அவர் வாய் மூடுவதற்குள் தண்ணீர் படியைத் தாண்டி, வேலுத்தாயின் கால்விரல்களை நனைத்தது. அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "யக்கா, என்னா குளுமையா இருக்கு பாரேன்" என்று இன்னொரு காலையும் எடுத்து அதில் வைத்தாள். வைத்துவிட்டு, "மதினி, ஒரு குடம் மொண்டுக்கிடவா?" என்றாள் சண்முகக்கனியிடம்.

குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் சண்முகக்கனியைப் பார்த்தார்கள். 

"நீங்க வாசல்லயே நில்லுங்க. நான் மொண்டாந்து ஊத்துதேன்" என்றாள்.

வேலுத்தாய் சிரிப்பை நிறுத்தி, கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் தவசிலிங்கத்தின் முகத்தையே பார்த்தாள். "எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம்ணாச்சி. மோட்டாரு மட்டும் போதும். வெள்ளிக்கிழம சொல்லியிருக்கீங்க" என்றாள். இருவரும் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். அவர்கள் தலை மறைந்ததும் வரிசையில் பேச்சு மறுபடி தொடங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை போனது. வைகாசி வந்து போனது. பஞ்சவர்ணம் பஞ்சாயத்தில் மனு கொடுத்தாள். மோட்டார் வேலையில் இருக்கிறது என்று பதில் வந்தது. வெளியூரில் கொடுத்துக் கட்டலாமே என்றாள். அரியநாயகம் சிரித்துக்கொண்டே, உள்ளூர்க்காரன் கையில் இருக்கிற வேலையைப் பிடுங்குவது மரியாதையா என்று கேட்டார். மேலத் தெருவில் அதற்குள் ரோஜாச் செடிகள் வைத்துவிட்டார்கள். சிலர் வாசலில் புல்கூட வளர்த்தார்கள்.

ஆனியின் நடுவில் பஞ்சவர்ணம் இரண்டாவது தடவை வந்தாள். கையில் குடம் இல்லை. அன்று பேச்சு முறை டீக்கடைக்காரரின் மைத்துனருடையது, அவர் ஏதோ ஒரு பழைய நில வழக்கைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் படியேறாமல், தெருவில் நின்றபடியே சொன்னாள்.

"நேத்து வேலுத்தாயி குவாரில சறுக்கி விழுந்துட்டா அண்ணாச்சி. பாறையில கால் மாட்டி, தொடை எலும்பு ரெண்டா போச்சு. விருதுநகர் ஆஸ்பத்திரியில போட்டுருக்கோம். நடக்குறது செரமம்ங்காங்க."

 தவசிலிங்கத்துக்கு வழக்கமாக வாயில் வருவதே வந்தது. "நாளைக்கே உக்காந்து..." என்று ஆரம்பித்தார். தரை கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணத்துக்கும் கேட்டது. அவர் நிறுத்திவிட்டார்.

"நான் உங்கள வைய வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் அவள். போய்விட்டாள்.

மைத்துனர் நில வழக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தவசிலிங்கம், "நீங்க இன்னைக்குப் போயிட்டு வாங்க" என்று அவரை எழுப்பி அனுப்பினார். பிறகு முன்னறையில் தனியாக, முழங்கால் தண்ணீரில் நின்றார். பேச்சில்லாத அந்த அமைதியில்தான் தண்ணீர் எல்லா இடத்திலிருந்தும் வரவில்லை என்பதை முதல்முறையாகக் கவனித்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் குமிழி விட்டது. தெருவில் போகிறவர்களைப் பார்க்க அவர் நிற்கும் இடம். செல்போன் சார்ஜ் போடும் சுவரோரம் ஒன்று, பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு அடியில் ஒன்று, ரிப்பேருக்கு வந்த மிக்ஸிகள் இருந்த அலமாரிக்கு முன்னால் ஒன்று. கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் தரை அவருடைய இரண்டு பாதங்களின் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. இத்தனை நாளும் அடுத்தவர்கள் வந்து தன் நேரத்தைத் தின்கிறார்கள் என்று லேசான ஒரு வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் தெருக்காரர்கள் வந்து உட்கார்ந்த இடங்களில் தரை மட்டமாகவே இருந்தது.

கடைசியாகக் கருவிகள் அடுக்கிய மேஜையடிக்குப் போனார். அங்கே தண்ணீர் கொப்பளிக்கவில்லை. பெரிய ஊற்றுகளில் வருவதுபோலச் சத்தமே இல்லாமல், கனமாக, தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில்தான் பாதி வீடு நிறைந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தபோதாவது, வேலை கிடக்கிறதே என்று ஒரு முள் குத்தும். இங்கே உட்கார்ந்து திருப்புளியைத் துடைத்த நேரத்தில் ஒரு முள்ளும் குத்தியதில்லை. துடைத்து முடித்ததும் தொடங்கிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தார். மோட்டாரைப் பார்க்காமல் இருப்பதற்கு அதைவிட யோக்கியமான ஒரு இடம் வீட்டில் இல்லை.

சண்முகக்கனி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பஞ்சவர்ணம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை கால வெச்சுச் சிரிச்சுச்சு" என்றாள். "நான்தான் வாசல்ல நில்லுன்னேன்."

"கனி, எனக்குக் கம்பி உரசிரும்னு பயமா இருக்கு" என்றார் அவர். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் பயம் என்ற சொல்லை அவளிடம் சொன்னது அதுதான் முதல்முறை.

அவள் யோசித்தாள். "உரசுனா அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அந்த வகை மோட்டாருக்குக் காயில் கட்ட இரண்டு பேர் வேண்டும். நீளக் குழலின் உள்சுவரில் குறுகலான தடங்கள் இருக்கும். இந்த முனையில் ஒருவர் கம்பியை நுழைத்துத் தள்ள, அந்த முனையில் இன்னொருவர் வாங்கி இழுத்து அடுத்த தடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். சண்முகக்கனி எதிர் முனையில் சம்மணமிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்தாள். செல்போனை அணைத்து அவளே அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். முதல் நாள் அவருடைய கை தானாகத் துணியைத் தேடியது. கண் ஜன்னலுக்குப் போனது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது, எல்லாமே நியாயமான காரணமாக இருந்தது: கம்பியின் அளவு சரிதானா, குறடு மழுங்கிவிட்டதா, முதலில் ஒரு வாய் டீ குடித்தால் என்ன. ஒவ்வொரு முறையும் அவர் எழுவதற்கு முன் அந்த முனையிலிருந்து, "கம்பியத் தள்ளுங்க" என்று குரல் வந்தது. அவர் தள்ளினார். தண்ணீர் முழங்காலிலிருந்து இறங்கத் தொடங்கியது.

தொட்டி குறைவதைப் பார்த்துத் தெரு வந்து கதவைத் தட்டியது. பேச்சு முறைக்காரர் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்தார். டீக்கடைக்காரர் புகை பறக்கும் டம்ளரை ஜன்னல் கம்பிக்கு இடையே நீட்டியபடி வெகுநேரம் நின்றார். அரியநாயகம் ஜன்னலில் முகத்தை வைத்து, "தவசி, பிள்ளைகுட்டிக்காரங்க தெரு. நாளைக்கு நாங்க தண்ணிக்கு எங்க போவோம்?" என்று கேட்டார். தவசிலிங்கம் தலை நிமிராமல், "போர்ல வரும் அண்ணாச்சி" என்றார்.

"முன்ன ஒரு மாசம் வந்துச்சே, அந்த மாதிரியா?"

அந்தச் சொல் சரியான இடத்தில் போய்க் குத்தியது. கம்பி அவர் கையில் நின்றது. தரை எங்கோ ஒரு மூலையில் ஊறுவது கேட்டது.  சண்முகக்கனி அந்த முனையிலிருந்து கம்பியை மெல்ல ஒருமுறை இழுத்தாள், தூண்டிலில் மீன் கடித்ததைப்போல. அவர் தொடர்ந்தார்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வரும் கரண்டை யாரோ நிறுத்தினார்கள். காயில் இழுக்கக் கரண்ட் வேண்டியதில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பாதத்துக்குக் கீழே போய், தரையின் சிமெண்டுச் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. நாலாம் நாள் மத்தியானம் கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது மேஜையடி ஊற்று மட்டும் மிச்சமிருந்தது. தவசிலிங்கம் அருகில் சிதறிக் கிடந்த கருவிகளைப் பார்த்தார். ஒன்றைக்கூடத் துடைக்காமல், அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அதுவும் நின்றுபோனது.

பஞ்சவர்ணம் காலனி ஆட்களோடு வந்து மோட்டாரைத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். மேலத் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் தடுக்கவில்லை; தடுக்க வேண்டுமானால் இதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். குழாய் குழாயாகக் கோத்து மோட்டாரைப் போர்வெல்லுக்குள் இறக்கினார்கள். பஞ்சாயத்து ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டபோது தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட நேரம் காற்று மட்டும் வந்தது. அப்புறம் சேறு வந்தது, சேறு தெளிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மேலத் தெருவுக்கும் தண்ணீர் வந்தது. பழையபடி, நாள் விட்டு நாள், வரிசையில் நின்று பிடிக்கிற அளவுக்கு. ரோஜாச் செடிகள் ஒரு வாரத்தில் காய்ந்தன. அரியநாயகம் தெருவில் பேர்போன சோம்பேறிகள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்தார். பகலெல்லாம் தூங்கும் ஒரு வாலிபனின் கட்டிலுக்கு அடியில் துணி விரித்து வைத்துக் காத்திருந்தார்கள். பத்து வருஷமாக மாடிப்படியைப் பாதியில் விட்டிருந்த ஒருவர் வீட்டில் ஈரம் தெரிந்து, ஆட்கள் குடத்தோடு ஓடிப்போனார்கள். அது குளியலறைக் கசிவு. அப்புறம் தெரு தவசிலிங்கத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. பெரிய மனஸ்தாபம் எதுவும் இல்லை, அவர் வந்தால் டீக்கடைப் பெஞ்சில் இடம் இருக்காது, அவ்வளவுதான். மிக்ஸிகள் ரிப்பேருக்கு அருப்புக்கோட்டைக்குப் போயின. சண்முகக்கனிக்குப் பூ கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். சில நாள் மத்தியானம் அவள் காய்ந்த தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டிருப்பாள்.

மோட்டார் ஒரு மாதம் ஓடியது. இரண்டாவது மாதமும் ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வேலுத்தாயைப் பார்க்க வேண்டும் என்று தவசிலிங்கம் முதல் வாரத்திலிருந்தே நினைத்தார். மோட்டார் நிலைத்து ஓடுகிறதா பார்த்துவிட்டுப் போகலாம் என்றும், வெறுங்கையோடு எப்படி என்றும், அவள் வீட்டுக்காரர்கள் கோபத்தில் இருப்பார்களே என்றும் தள்ளிப்போனது. ஆவணியில் ஒரு காலை, செருப்பை எடுத்து வாசலில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கியவர், துடைப்பதைத் தானே பார்த்தார். அப்படியே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் வேலுத்தாய் கிடந்தாள். எலும்பு சேராமல் இரண்டாவது தடவை அறுத்து வைத்திருந்தார்கள். கால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் யாரென்று கண்டுகொண்டாள், சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்கண்ணாச்சி. மோட்டாரு நல்லா ஓடுதாமே, அக்கா சொன்னா."

"ஓடுதும்மா."

"எங்க தெருக் குழாயிலயே தண்ணி வருதாம்." அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவர் கொண்டுவந்த பழத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.  பிறகு, ஒரு வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்பவளைப்போல, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அது எத்தன நாள் வேலண்ணாச்சி?"

சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. பழைய மோட்டார், சாமான் கிடைக்கவில்லை, கூட ஆள் இல்லை, பஞ்சாயத்து அவசரப்படுத்தவில்லை. எல்லாமே வாய்வரைக்கும் வந்தது. அப்புறம் சொல்லலாம் என்றும் வந்தது.

"நாலு நாள்" என்றார்.

வேலுத்தாய் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டித் தொங்கிய காலைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நாலு நாளா" என்றாள்.

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து இரண்டு தடவை சொன்னாள். தவசிலிங்கம் எழுந்திருக்கவில்லை. வேலுத்தாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரமாகியிருந்தது.